கண்ணூறும் மனையும்: இல்லஞ்சார் மாந்திரிக நம்பிக்கைகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

நாட்டார் பாடல்களும் கூத்துகளும் ஆய்வுக்குரிய பொருள்களாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுக்கு, வீட்டின் அன்றாட வாழ்வில் இடம்பெறும் மாந்திரிக நம்பிக்கைகள் நமது ஆய்வாளரின் கவனத்தைப் பெறவில்லை. கண்ணூறு கழித்தல், நூல் கட்டுதல், பல்லி சொல்லுக்குப் பலன் பார்த்தல், பொழுதுபட்ட பின் உப்பும் ஊசியும் கொடாமை, புதுமனைக்கு நீற்றுப்பூசணிக்காய் வெட்டுதல் என்பன பெரும்பாலான வீடுகளில் நடப்பவை. ஆயினும் நமது கட்டுரைகளில் அவை அடிக்குறிப்பின் எல்லையைத் தாண்டுவது அரிது. ஆய்வாளர் ஊரூராகச் சென்று ஏட்டில் எழுதிவந்தது, பிறருடைய அடுப்படியில் நடப்பதையே. தம் வீட்டு அடுப்படியில் நடப்பது தகவலாகவே அவருக்குத் தோன்றுவதில்லை போலும்.

இவைபற்றிக் கருத்துக் கூறியோரைப் பொதுப்பட இரு அணியினராகக் காணலாம். முதலாமவர் இவற்றை மூடநம்பிக்கை என ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவோர். இரண்டாமவர் இவற்றுள் எல்லாம் முன்னோரின் விஞ்ஞானம் மறைந்துகிடக்கிறது என்போர்.

இரண்டாம் அணியினருடன் நீண்ட வாதம் தேவையில்லை. முற்றத்திற் சாணந் தெளிப்பது கிருமியைக் கொல்வதற்கு, வேப்பிலை செருகுவது காற்றைத் தூய்மையாக்குவதற்கு, பிறந்த குழந்தையின் கையில் வசம்பு கட்டுவது நோயைத் தடுப்பதற்கு என்று அவர்கள் அடுக்கிச் செல்வர். வேம்புக்கும் மஞ்சளுக்கும் வசம்புக்கும் மருத்துவப் பயன்பாடுகள் உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின் வசம்பைக் கையிற் கட்டும் தாய் அதனை மருந்தாகக் கட்டவில்லை; காவலாகக் கட்டுகிறாள். இரவில் அதன் பெயரை உச்சரிக்க அஞ்சிப் ‘பேர் சொல்லாதது’ என்றும் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றும் அதனைக் குறிப்பிடுவது எந்த மருத்துவத்தைச் சார்ந்தது? மேலும், மஞ்சளுக்கு விளக்கங் கூறும் இவ்விஞ்ஞானம், வெளிக்கிடும்போது கைம்பெண் எதிர்ப்பட்டாற் பயணத்தை நிறுத்துவதற்கும் விளக்கங் கூற வேண்டுமல்லவா? அவ்விடத்தில் இவ்வணியினர் மௌனமாகி விடுகின்றனர். நம்பிக்கைகளுள் வசதியானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துப் பெருமை கொள்வது ஆய்வாகாது.

முதலாம் அணியினரின் நேர்மையை நாம் மதிக்கிறோம். மந்திரவாதிக்குக் கொடுக்கும் பணத்தை வைத்தியருக்குக் கொடுங்கள் என்று ஒருவர் துணிந்து சொல்வதனால் உயிர்கள் காப்பாற்றப்பட்டுள்ளன. ஆயினும் ‘இது உண்மையா?’ என்ற வினாவை மட்டுமே அவர்கள் எழுப்புகின்றனர். ‘இல்லை’ என்ற விடை கிடைத்ததும் அவர்களது பணி முடிந்துவிடுகிறது. உண்மையல்லாத ஒன்று பாடசாலையும் பல்கலைக்கழகமும் கண்ட ஒரு சமூகத்தில் எவ்வாறு நிலைத்து நிற்கிறது? அது யாருக்குப் பயன்படுகிறது? யாரிடமிருந்து வீட்டைக் காப்பதாக அது கருதுகிறது? இவ்வினாக்களுள் இறுதியானதே இக்கட்டுரையில் நமது அக்கறைக்குரியது.

மாந்திரிகம் பற்றிய ஆரம்பகால மானிடவியற் கோட்பாடுகள் இவ்வினாவை நேரே எதிர்கொள்ளவில்லை எனினும், அவற்றைத் தவிர்த்துச் செல்லவும் இயலாது. 1890இல் வெளிவரத் தொடங்கிய தமது பெருநூலில் ஜேம்ஸ் பிரேசர், ஒத்தது ஒத்ததை விளைக்கும் என்ற விதியும், ஒருமுறை தொட்டுக்கொண்டவை பிரிந்த பின்னரும் ஒன்றையொன்று பாதிக்கும் என்ற விதியும் மாந்திரிகத்தின் அடிப்படை என்றார். யாழ்ப்பாணத்தில் பசு கன்று ஈன்றதும் அதன் இளங்கொடியைப் பொதிந்து ஆலமரத்திற் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தை நோக்கினால் இவ்விரு விதிகளும் ஒரே முடிச்சில் இருப்பதைக் காணலாம். ஆல் பால் வடியும் மரம். ஆதலின் பசுவுக்குப் பால் சுரக்கும். இளங்கொடி பசுவின் உடலிலிருந்து பிரிந்தது. ஆதலின் அதற்கு நேர்வது பசுவுக்கும் நேரும். இது சிந்தனையற்ற செயலன்று என்பதைப் பிரேசர் காட்டினார். ஆனால் அவருக்கு இது தனியொரு மனத்தின் தவறான தருக்கமாக மட்டுமே தோன்றியது.

மலினோவ்ஸ்கி மாந்திரிகத்தைத் தொழிலோடு இணைத்தார். துரோபிரியாண்டுத் தீவுகளில், ஆபத்தற்ற களப்பு மீன்பிடியில் மாந்திரிகம் இல்லை என்பதையும், ஆபத்தும் நிச்சயமின்மையும் மிகுந்த ஆழ்கடல் மீன்பிடியில் அது மலிந்திருப்பதையும் அவர் 1925இல் எடுத்துக்காட்டினார். நமது வீடுகளுக்கும் இது பொருந்தும். அரிசி களைவதற்கோ துணி துவைப்பதற்கோ எவரும் மந்திரம் சொல்வதில்லை. பிரசவம், பிள்ளையின் முதல் மாதங்கள், கறவைப் பசுவின் முதற் கன்று, வீட்டின் அத்திவாரம், மரணம் ஆகியவற்றைச் சுற்றியே காவல்கள் செறிகின்றன. பேராசிரியர்கள் கைலாசபதி, சிவத்தம்பி ஆகிய இருவருக்கும் பர்மிங்காமில் ஆய்வாசானாக விளங்கிய ஜோர்ஜ் தொம்சன், மாந்திரிகத்தை உண்மையான உற்பத்தி நுட்பத்தின் போதாமையை நிரப்பும் கற்பனை நுட்பமாக விளக்கினார். அவ்விளக்கம் முற்போக்குத் திறனாய்வினர் பலரது சிந்தனையிற் படிந்துள்ளது. எனினும், நிச்சயமின்மை எல்லாருக்கும் ஒரே அளவாய்ப் பங்கிடப்பட்டதன்று. ஆழ்கடலில் அலை எல்லாத் தோணிகளையும் ஒருங்கே ஆட்டுகிறது. கிராமத்தில் ஒருவனுடைய வரம்பு உயர்ந்தால் அடுத்தவனுடைய வயலில் நீர் தேங்குகிறது.

கண்ணூறு என்பது இவ்வுண்மையின் மீது கட்டப்பட்டதொரு கோட்பாடு என்பது நமது கருத்து.

சடங்கினை அதன் நடைமுறையில் வைத்து நோக்குவோம். பிள்ளை பால் குடியாமற் சிணுங்குகிறது. பாட்டி செத்தல் மிளகாயும் உப்பும் முச்சந்தி மண்ணும் எடுத்துப் பிள்ளையின் தலையைச் சுற்றி அடுப்பில் இடுகிறாள். மிளகாயின் காந்தல் மூக்கைத் துளைத்தால் கண்ணூறு இல்லை அல்லது சிறிது. காந்தல் எழாவிட்டால் கண்ணூறு பெரிது. நெருப்பின் வெம்மையும் மிளகாயின் காய்ச்சலும் காற்றின் திசையும் இம்முடிவை நிர்ணயிக்கின்றன என்பது வெளிப்படை. எப்பக்கம் விழுந்தாலும் கோட்பாடு தோற்பதில்லை. சோதனை போன்று தோன்றும் இது உண்மையிற் சோதனையே அன்று. பகுத்தறிவாளர் இவ்வளவையும் சரியாகவே காண்பார். அவர் காணத் தவறுவது இதன் பின்னர் அடுப்படியில் எழும் ஒரு வினாவை: ‘இண்டைக்கு ஆர் வந்து போனது?’

சடங்கின்போது சொல்லப்படும் வார்த்தைகள் எல்லார் கண்ணையும் பொதுப்படக் குறிப்பன. போவார் வருவார், உற்றார் அயலார் என யாவரும் அதிலடங்குவர். சடங்கு முடிந்த பின் எழும் வினாவுக்கோ ஒரு பெயர் விடையாகக் கிடைக்கிறது. அப்பெயர் எழுந்தமானமாக வருவதில்லை. நாம் அறிந்தவரை, ஊரின் பெருங்காணிக்காரர் பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போனால் அது ஆசீர்வாதம். பிள்ளைப்பேறில்லாத பெண்ணோ, கைம்பெண்ணோ, மா இடிக்கவும் நெற்குற்றவும் வந்த ஏழைப் பெண்ணோ பார்த்துவிட்டுப் போனால் அது கண்ணூறு. ‘பொல்லாத கண்’ இல்லாதோரின் முகத்திலேயே பொருத்தப்படுகிறது. தன்னிடம் இருப்பதைப் பிறர் விரும்புவர் என்ற உடைமையாளனின் அச்சம், விரும்புவோரின் குற்றமாக மாற்றப்படுகிறது. பால் குடியாமைக்கு உரிய உண்மைக் காரணம் காய்ச்சலாகவோ தாயின் போசாக்கின்மையாகவோ இருக்கலாம். அக்காரணம் தன் இடத்தைவிட்டுப் பெயர்ந்து, எதிர்த்துப் பேச வலுவற்ற ஒருத்தியின் வாசலிற் போய் இறங்குகிறது.

காரணத்தின் இவ்விடப்பெயர்ச்சியை நமது பழம் புலவர்கள் அறிந்திருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. அகப்பாடல்களில் வரும் வெறியாட்டை நினைவுகூரலாம். மகளின் மெலிவைக் கண்ட தாய் கட்டுவிச்சியை அழைக்கிறாள், கழங்கும் நெல்லும் பார்க்கப்படுகின்றன, முருகு அணங்கியது என்று முடிவாகிறது, வேலன் வருகிறான், மறி பலியாகிறது. மெலிவின் காரணம் மலைநாட்டுத் தலைவன் என்பதைத் தலைவியும் தோழியும் அறிவர். கேட்கும் நாமும் அறிவோம். தாய் மட்டும் அறியாள். இந்த இடைவெளியிலேயே அப்பாடல்களின் அங்கதம் பிறக்கிறது. எனினும் அவை தாயை எள்ளி நகைப்பதோடு அமைவதில்லை. மகள் தன் காதலைத் தாயிடம் நேரே சொல்ல இயலாத ஒரு குடும்ப அமைப்பே வேலனை வீட்டுக்குள் அழைத்துவருகிறது என்பதையும் அவை உணர்த்துகின்றன. மாந்திரிகத்தை நம்பாமலே அதன் சமூகத் தேவையைக் காட்டிய இப்பார்வை, இன்றைய நமது விமர்சனத்தினும் நுண்மையானது.

புறத்திணையில் வரும் தொடாக்காஞ்சி வேறொரு படத்தைத் தருகிறது. விழுப்புண் பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தீண்டாவண்ணம் மனைவி காக்கிறாள். வீட்டிறப்பில் வேப்பிலை செருகுவதும் வெண்சிறுகடுகு இறைப்பதும் புகையும் இசையும் எழுப்புவதும் ஆகிய செயல்களைப் புறநானூற்று 281ஆம் பாடல் காட்டுகிறது. இங்கு எந்த அயலவளும் குற்றவாளியாக்கப்படவில்லை. காயம் உண்மை; போர் உண்மை; கையிலுள்ளதைக்கொண்டு ஒருத்தி விழித்திருக்கிறாள். வீட்டு மாந்திரிகம் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் ஆகாது என்பதற்கு இவ்விரு பாடல்வகைகளுமே போதிய சான்று. துன்பத்தோடு உடனிருக்கும் சடங்கு ஒன்று. துன்பத்திற்கு ஆள் தேடும் சடங்கு மற்றொன்று.

ஆள் தேடுதலில் கண்ணூறும் செய்வினையும் தம்முள் வேறுபடுவன. கண்ணூற்றுக்கு எண்ணம் வேண்டியதில்லை. கண் பட்டாற் போதும். செய்வினைக்கோ வஞ்சம் வேண்டும். ஆதலின் அது காணிப் பங்கீட்டிலும் எல்லைத் தகராற்றிலும் மோதும் உறவினர் மீதே பெரும்பாலும் ஏற்றப்படுகிறது. வளவுக்குள்ளிருந்து செப்புத் தகட்டைத் தோண்டி எடுக்கும் மந்திரவாதி, பல சமயங்களில் நொத்தாரிசின் உறுதியில் தீராத வழக்கொன்றைத் தோண்டி எடுக்கிறார். சிங்கள மக்களிடையே சூனியம் பற்றி 1975இல் எழுதிய கணநாத் ஒபயசேகர, அது நேரடி வன்முறைக்கு மாற்றாக அமையும் பாங்கினை விளக்கினார். சிங்களவர் ‘ஆஸ்வஹ, கட்டவஹ, ஹோவஹ’ என்று கண்ணுக்கும் வாய்க்கும் நஞ்சு கற்பிப்பதும், நாம் கண்ணூறு, நாவூறு என்பதும் அருகருகே வைத்து ஆராயத்தக்கன. அயலவன் மீதான அச்சத்தில் இனங்கள் இத்துணை ஒன்றுபட்டிருப்பது கசப்பான ஒற்றுமைதான்.

மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்று யாழ்ப்பாணத்தில் வழங்கும் பேச்சும் இங்கு கவனத்திற்குரியது. தொழில் தேடியும் வணிகத்துக்காகவும் கிழக்கே சென்ற ஆடவர் சிலர் அங்கேயே மணஞ்செய்து தங்கிவிட்டனர். மட்டக்களப்பிற் குடிவழி தாய்வழியாக எண்ணப்படுகிறது. வீடும் வயலும் பெண்வழியே கையளிக்கப்படுகின்றன. மணமகன் மனைவியின் வீட்டுக்குச் செல்கிறான். விளைநிலமும் வீடும் உள்ள இடத்தில் ஒருவன் தங்கிவிடுவதற்கு மந்திரம் எதற்கு? மகனை இழந்ததாகக் கருதிய வீடு, ஒரு சொத்துரிமை முறையை மாந்திரிகமாகப் பெயர்த்துக்கொண்டது. ஒரு பிரதேசத்து மக்கள் அனைவரையும் மந்திரக்காரராக்கிய இப்பேச்சு இன்றும் நகைச்சுவை போல வழங்குவது நமக்கு நகைப்பைத் தரவில்லை.

இதுவரை கூறியதைக் கொண்டு கண்ணூறு முற்றிலும் உடைமையாளரின் கருவி என முடிவுசெய்தல் அவசரமாகும். நன்மைகள் யாவும் அளவுக்குட்பட்டவை, ஒருவர் பெற்றால் மற்றவர் இழப்பர் என்ற குடியானவர் உலகநோக்குப் பற்றி ஜோர்ஜ் பொஸ்டர் 1965இல் எழுதினார். சீதனத்தால் தலைமுறைதோறும் துண்டாடப்பட்ட யாழ்ப்பாணக் காணிகளுக்கு அது மிகப் பொருத்தமானது. அத்தகைய சூழலில் கண்ணூற்றச்சம் இருப்பவனுக்குச் சில கடமைகளை விதித்தது. பலகாரம் சுட்டால் வாசனை போகும் வீட்டுக்கு ஒரு பங்கு போக வேண்டும். கன்றீன்ற பசுவின் பாலில் அயலாருக்குப் பங்குண்டு. பிள்ளையின் கன்னத்திற் கறுத்தப் பொட்டு, தோட்டத்தில் வெருளி, செல்வத்தைக் காட்டிக்கொள்ளாமை ஒரு பண்பு. கொடுத்தால் கண் தணியும் என்ற இந்த நம்பிக்கை, கொடாதவனைச் சற்றேனும் நாணச் செய்தது. கிடுகு வேலியும் அதிலுள்ள பொட்டும் இந்த ஒழுங்கின் பௌதிக வடிவங்கள். வேலிப்பொட்டினூடே தீயும் உப்பும் கறியும் செய்தியும் போய்வந்தன. பொழுதுபட்டபின் உப்புக் கொடாமை என்பதும், பகல் முழுதும் அது கொடுக்கப்பட்ட ஒரு சமூகத்திலேயே பொருளுள்ள விதியாகும்.

இன்று கிடுகு வேலிகள் அருகி மதில்கள் எழுந்துள்ளன. புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தில் எழும் மாடிவீட்டின் முகப்பில், வண்ணந் தீட்டிய பூதமுகம் பல்லை இளித்துக்கொண்டிருக்கிறது. முன்னர் பானையிற் சுண்ணாம்புப் பொட்டிட்டு வீட்டார் தாமே செய்தது, இன்று கடையில் வாங்கப்படும் பண்டம். வேலிப்பொட்டு அடைபட்டதோடு பலகாரப் பங்கும் நின்றது. பூதமுகம் மட்டும் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதாவது, கண்ணூறு என்ற கோட்பாட்டிலிருந்த கடமை கழன்றுவிட, குற்றச்சாட்டு மட்டும் எஞ்சியிருக்கிறது. பழைமை அவ்வாறே நீடிக்கிறது என்று இதனைக் கருதுவது தவறு. இது புதிய பண உறவுக்கேற்பத் திருத்தியமைக்கப்பட்ட பழைமை.

புதுமனைச் சடங்குகளில் இது மேலும் துலக்கமாகத் தெரிகிறது. நிலை வைக்கும் நாளில் ஆசாரியாருக்கு வேட்டியும் தட்சணையும் கொடுத்து அவர் மனங்கோணாது பார்த்துக்கொள்வர். தமிழகத்தில் ‘தச்சு கழித்தல்’ எனப்படும் சடங்கு, தச்சர் கைப்பட்டதால் வீட்டில் தங்கியிருப்பதாகக் கருதப்படும் தீங்கினைக் குடிபுகுமுன் அகற்றுவது. வீட்டைக் கட்டிய கையினிடமிருந்தே வீட்டைக் காப்பதற்கு ஒரு சடங்கு! உழைத்தவனுக்குத் தன் உழைப்பின் விளைவோடு இருக்கும் தொடர்பை அறுப்பதை இதனினும் வெளிப்படையாக எந்தச் சடங்கும் செய்வதாகத் தெரியவில்லை. நீற்றுப்பூசணிக்காயில் குங்குமந் தோய்த்து வெட்டுவது பலியின் பதிலீடு என்பது தெளிவு. ஆறுமுக நாவலர் காலம் முதல் உயிர்ப்பலி கண்டிக்கப்பட்டுவந்த ஒரு சைவச் சமூகத்தில், பலியின் நிறம் மட்டும் காய்க்குள் ஒளிந்துகொண்டு வாசல்வரை வந்துவிட்டது.

குடிபூரலில் பாற்பானை வைப்பவர், நிறைகுடம் ஏந்துபவர், விளக்கேற்றுபவர் சுமங்கலியாக இருத்தல் வேண்டும் என்பது விதி. இவ்விதியை, 1706-07இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையின் அருகில் வைத்துப் பார்த்தல் தகும். கணவனின் சம்மதமின்றி விற்கமுடியாதெனினும், சீதனக் காணியும் வீடும் அச்சட்டப்படி பெண்ணின் உடைமை. கணவன் இறந்த பின்னும் அவை அவளுடையன. சட்டம் எவளுக்கு வீட்டைக் கொடுக்கிறதோ, அவளைக் கைம்மை நேர்ந்த நாள் முதல் அவ்வீட்டின் மங்கலத்துக்கு ஆகாதவளாக்குகிறது வழக்கம். உடைமை பெண்ணிடம் இருப்பதைத் தடுக்க இயலாத ஆண்முதன்மைச் சமூகம், அவ்வுடைமையின் வாசற்படியில் ஒரு மந்திரக் கோட்டைக் கீறிவைத்தது என்றே நாம் இதனை விளங்கிக்கொள்கிறோம்.

2009இன் பின்னர் இம்முரண் பல்லாயிரம் வளவுகளில் கல்லும் சீமெந்துமாக எழுந்து நிற்கிறது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் மட்டும் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. பெரும்பாலானவற்றுக்கு வீடொன்றுக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட, பயனாளியே முன்னின்று கட்டினார். போரிற் கணவனை இழந்தோரும் காணாமலாக்கப்பட்டோரின் மனைவியரும் தலைமை தாங்கும் குடும்பங்கள் அவ்வாறு கட்டியவற்றுள் அடங்கும். மண் ஏற்றியவள், மேசனோடு கணக்குப் பார்த்தவள், பணம் போதாதபோது நகையை அடைவு வைத்தவள், படிவங்களிற் கையொப்பமிட்டவள் அவளே. குடிபூரலன்று பாற்பானையை அடுப்பில் வைக்கத் தம்பியின் மனைவியோ அயல்வீட்டுச் சுமங்கலியோ அழைக்கப்படுகையில், அவள் பின்வாசற் பக்கம் நிற்கிறாள். பலவேளைகளில் அவளே அப்படி நிற்க விரும்புகிறாள்; தன் நிழல் பட்டு வீட்டுக்குத் தீங்கு நேர்ந்துவிடக் கூடாதென அஞ்சுகிறாள். கணவன் திரும்புவானா என்பது தெரியாதவளின் நிலை இன்னுங் கொடியது: பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வையாவிட்டால் இன்னொரு பேச்சு. சடங்கு அவளைச் சுமங்கலி என்றோ கைம்பெண் என்றோ கேட்கிறது. மூன்றாவது விடைக்கு அதில் இடமில்லை. போர் அழித்ததைப் பல்லியும் பூனையும் விளக்க முடியாதென்பது அவளுக்கும் தெரியும். ஆயினும் ‘அவளுடைய கால்பலன்’ என்ற சொல் அயலில் எழுந்தால், ஆட்லறிக்கும் அரசுக்கும் உரிய காரணம் அவளுடைய காலடியில் வந்து இறங்கிவிடுகிறது.

முற்போக்கு இலக்கியமும் விமர்சனமும் இவ்விடயத்தில் தம் கவனத்தை எங்கு செலுத்தின என்று கேட்பது பொருத்தமானது. 1968இல் மாவிட்டபுரக் கோயில் வாசலில் நடைபெற்ற போராட்டமும் தேநீர்க்கடைப் பிரவேசங்களும் நமது புனைகதையின் திசையையும் திறனாய்வின் மொழியையும் வகுத்தன. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தபோது அது ஒரு காலத்தின் குரலாகக் கேட்டது. பொதுவாசல்களிற் போடப்பட்டிருந்த தடைகளை அவ்வெழுத்துகள் தெளிவாகக் கண்டன. வீட்டு வாசலில், வீட்டாராலேயே வீட்டுப் பெண்ணுக்குப் போடப்பட்ட தடை அதே கூர்மையுடன் அன்றைய விமர்சனத்தில் விவாதிக்கப்படவில்லை. கண்ணூறும் சகுனமும் கதைகளில் வந்தபோது அவற்றை மண்வாசனை என்று நாம் பாராட்டினோம். மண்வாசனை என்ற பாராட்டு, யாருடைய முகத்தில் அந்த மண் வாரி இறைக்கப்படுகிறது என்ற வினாவை எழவிடாது செய்தது.

களஆய்வு முறையிலும் இதே குறைபாடு உண்டு. குடிபூரலைப் பதிவு செய்யும் மாணவர் நிறைகுடம், குத்துவிளக்கு, பசுவும் கன்றும், உப்பு, மஞ்சள், நீற்றுப்பூசணி எனப் பொருட்பட்டியலை ஒழுங்காக எழுதுகின்றனர். மந்திரத்தையும் நேரத்தையும் குறிக்கின்றனர். கண்ணூறு கழித்தலைப் பதிவோர் மிளகாயின் எண்ணிக்கையைக்கூட விடுவதில்லை. சடங்கின் பின் அடுப்படியிற் சொல்லப்பட்ட பெயர் யாருடையது, அவருக்கும் அவ்வீட்டுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் யாது, அவர் அதன்பின் அவ்வீட்டுக்கு வந்தாரா என்பன பதிவேட்டில் இல்லை. புதுமனைக் குறிப்புகளிலும் இரண்டு நிரல்களைச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்: வீட்டின் உறுதி யார் பெயரில் உள்ளது, பாற்பானையை அடுப்பில் வைத்தவர் யார். இவ்விரு நிரல்களிலும் வெவ்வேறு பெயர்கள் விழும் வீடுகளிலிருந்து அடுத்த ஆய்வு தொடங்கலாம்.